தீயில் நின்ற கால்

அத்தியாயம் 11

ஊரே தொட்டுக் கும்பிடும் கால், குமுதவல்லியின் வீட்டுக் கூடத்தில் ஒரு மணை மேல் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்திருந்தார்கள். காலுக்குச் சொந்தக்காரரான அவள் புருஷன் திருநாவுக்கரசு பிளாஸ்டிக் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். காலை மணி ஏழுகூட ஆகவில்லை.

பக்கத்து ஊரான கோலா சாவாவிலிருந்து வந்த ஒரு அம்மாள் அந்த இடது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர்.

குமுதவல்லி இதையெல்லாம் அறைக்குள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து நிற்க ஆசைதான். நிற்க முடிந்தால்தானே! பத்து நாளாகத் தீமிதிக்குப் போய்வந்தது தவிரப் பலகை மேல் மல்லாந்துதான் கிடக்கிறாள். இடுப்பைச் சுற்றிப் புருஷனின் பழைய பெல்ட்.

எட்டு நாளைக்கு முன்னால் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியில் நடந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. கரகத்தோடு முதலில் குழியில் இறங்கிய திருநாவுக்கரசு, பாதியில் நின்றார். ஓடவில்லை, துள்ளவில்லை. தணல் மேல் இடது காலை ஊன்றி, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றார். கூட்டம் முழுக்க ஒரே குலவை. வெளியே வந்ததும் அவர் சொன்ன வார்த்தை ரந்தாவ் வரைக்கும் பரவிவிட்டது: "இடது கால்ல சூடே தெரியல. ஐஸ் மேல நின்ன மாதிரி இருந்துச்சு."

அந்தக் குலவையில் குமுதவல்லியின் குரலும் இருந்தது. அவளும்தான் அன்றைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டே புருஷன் காலில் விழுந்தாள்.

அது அவர்கள் இருவருக்குமான வேண்டுதல். மூன்று மாதமாகப் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் இடுப்பு வலி. அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவள் செனாவாங் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பகுதியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாள். இருவருக்கும் ஒரே தைலம், ஒரே மாத்திரை, ஒரே பெல்ட். பகலில் அவர் கட்டுவார், வேலை விட்டு வந்ததும் அவள் கட்டுவாள். உருட் என்று உடம்பு பிடித்துவிடுகிற மலாய்க்கார மக்சிக் அம்மாள் வீட்டுக்கும் ஜோடியாகவே போய்க் கால் கையை அமுக்கிக்கொண்டு வந்தார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் செய்ததில்லை.

"ரெண்டு பேரு இடுப்புக்கும் சேர்த்து நானே மிதிச்சிர்றேன்," என்று காப்புக் கட்டிக்கொண்டார் திருநாவுக்கரசு.

மிதித்தார். அவருக்கு வலி பாதியாகக் குறைந்தது. அவளுக்குக் கடுகளவும் குறையவில்லை.

இந்த இடத்தில்தான் நாத்தனார் மாரியம்மா ஒரு கேள்வி கேட்டாள். தம்பியைத் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவள். கோயிலில் அவள் சொன்னால்தான் அடுப்பே எரியும். அந்தக் கேள்வியை இன்றைக்கும் அறை வாசலில் நின்று கேட்டாள்.

"ஒரே நோவு, ஒரே வேண்டுதல். அவனுக்கு எறங்கிருச்சு. ஒனக்கு ஏன் எறங்கல? யோசிச்சிப் பார்த்தியா குமுதா?"

"எனக்கென்ன தெரியும் அண்ணி?"

"மனசுல எங்கயோ கொறை இருக்கு. அதான். சாயங்காலம் மம்பாவ்லேர்ந்து கோயில்காரங்க வர்றாங்க, தாம்பூலத் தட்டோட. ஞாயித்துக்கெழம அங்க தீமிதி. என் தம்பிதான் முன்னால எறங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. அதுக்குள்ளயாவது எந்திரிச்சு ஒரு வெளக்கு ஏத்து."

குமுதவல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

தீமிதிக்கு மறுநாள் மத்தியானம், அசந்து தூங்கிய புருஷனின் காலை அவள் பார்த்திருந்தாள். இடது பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், ஐம்பது காசு அளவுக்கு ஒரு கொப்புளம். ஆத்தா காலில் கொப்புளமா? பயந்துபோய் அதன் பக்கத்தில் நகத்தால் அழுத்தினாள். அவர் அசையவில்லை. பிறகு அவர் விழித்து டிவி பார்த்துக்கொண்டிருந்தபோதும் யதேச்சையாகப் படுவதுபோல் அழுத்திப் பார்த்தாள். அப்போதும் அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலு எப்படிங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் குளுகுளுன்னு இருக்கு குமுதா. ஆத்தா எறங்கவே இல்ல. கால்லயே குந்திக்கிட்டிருக்கா."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இருபத்தாறு வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. அதை எப்படிக் கலைப்பாள்? அன்றிலிருந்து தினமும் அவரைப் பலகையோரம் உட்காரவைத்து அவளே காலுக்கு மஞ்சள் பூசினாள், புண்ணை மூடிப் பூசினாள்.

எட்டரை மணிக்கு அரசாங்கக் கிளினிக்கில் அவளுக்குத் தவணை. இரண்டு மாதத்துக்கு முன்பே கிடைத்த அட்டை. "போயி என்னா பிரயோஜனம்?" என்று முனகிக்கொண்டே மாரியம்மா மணையை எடுத்து வைத்தாள். திருநாவுக்கரசு காலில் மேலோட்டமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு காரை எடுத்தார்.

---

பிசியோதெரபி அறையில் இருந்தவள் அமால். கோலா சாவாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நாகூர் கனியின் மகள். தீமிதிக் கூட்டத்துக்கு வருஷா வருஷம் மோர் கொடுப்பது அந்தக் கடைதான்.

"வாங்க ஆண்டி. வலி எங்கன்னு கையால காட்டுங்க பார்ப்போம்."

குமுதவல்லி உள்ளங்கையால் இடுப்பின் குறுக்கே மேசை துடைப்பதுபோலத் தேய்த்துக் காட்டினாள். "இங்கேர்ந்து இதுவரைக்கும். சில நேரம் பின்பக்கமும் கடுக்கும்."

"முட்டிக்குக் கீழ எறங்குமா?"

"இல்லம்மா."

"காலு மரத்துப் போவுதா? இருமினா, தும்மினா கால்ல மின்னல் அடிக்கிற மாதிரி இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. குனிஞ்சா புடிச்சிக்கும். காலையில எந்திரிக்கும்போது கட்ட மாதிரி இருக்கும்."

காய்ச்சல் உண்டா, விழுந்தீர்களா, உடம்பு இளைத்ததா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று அமால் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு படுக்கச் சொல்லி, முட்டியை மடக்காமல் காலை உயர்த்தினாள். கால் ஏறக்குறைய நேராகவே நின்றது. தொடையின் பின்னால் லேசாக இழுத்ததோடு சரி. குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். பாதம் தானாகத் துள்ளியது. குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் ஆட்டல லா, அதுவே ஆடுது!"

"அதான் வேணும் ஆண்டி. நரம்பு முழிச்சிக்கிட்டிருக்கு." அமால் சுத்தியலை வைத்தாள். "ஒங்களுக்கு வெறும் இடுப்பு வலிதான். தசையும் மூட்டும் களைச்சுப் போயிருக்கு. ஸ்கேன்கூடத் தேவையில்ல. எத்தன நாளா படுத்திருக்கீங்க?"

"டாக்டரு எம்சி லீவு குடுத்ததுலேர்ந்து. பத்து நாளு. அவரு சொன்னாரு, பலகையில படுத்தாத்தான் இடுப்பு நேராகும்னு."

"படுக்கப் படுக்க இன்னும் இறுகித்தான் போகும். ரெண்டு நாளைக்கு மேல படுக்கவே கூடாது. சுடுதண்ணிப் பை வைங்க, காலையில சாயங்காலம் நடங்க. மொதல்ல பத்து நிமிஷம், அப்பறம் கூட்டுங்க. பெட்டி தூக்கும்போது ஒடம்போட அணைச்சு, முட்டிய மடக்கித் தூக்குங்க. பெல்ட்ட நாள் பூரா கட்டாதீங்க. வலிச்சாலும் பயமில்ல. சில வாரத்துல போயிரும்."

குமுதவல்லி எழுந்து உட்கார்ந்தாள். பத்து நாளில் யாரும் அவளிடம் "பயமில்லை" என்று சொல்லவில்லை. மனசில் குறை என்றுதான் சொன்னார்கள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அப்ப சாமி குத்தம் இல்லியாம்மா?"

"யாரு ஆண்டி சொன்னது?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒரே நோவு, ஒரே வேண்டுதல், அவருக்குப் போனது, தனக்குப் போகாதது. கொப்புளத்தை மட்டும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

அமால் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. திருநாவுக்கரசு உட்காராமல், சுவரில் சாய்ந்து, முழு பாரத்தையும் வலது காலில் போட்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஆண்டி, ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே வலின்னு யாரு சொன்னா?"

"நாங்களேதான் சொல்லிக்கிட்டோம்."

"அங்கிளக் கூப்பிடுங்க."

---

"எனக்கென்னா இருக்கு? எனக்குத்தான் போயிருச்சே," என்று சிரித்துக்கொண்டே வந்தார் திருநாவுக்கரசு. "பொழுதன்னிக்கும் ஸ்டேரிங்ல குந்தினா கொஞ்சம் இழுக்கும். அவ்வளவுதான் லா."

"வலி எங்கன்னு காட்டுங்க அங்கிள்."

அவர் உள்ளங்கையை எடுக்கவில்லை. ஒற்றை விரலை எடுத்தார். இடது பிட்டத்தில் வைத்து, தொடையின் பின்னால் இறக்கி, கெண்டைக்காலைத் தாண்டி, கணுக்காலின் வெளிப்பக்கமாகச் சுண்டுவிரலில் கொண்டுபோய் முடித்தார். லோரிக்காரர் வழி காட்டுவதுபோல ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

குமுதவல்லி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். மூன்று மாதம் ஒரே தைலத்தைத் தேய்த்திருக்கிறார்கள். ஒருநாளாவது ஒருவர் வலியை மற்றவர் கேட்டிருக்கலாம்.

அமால் அவரைப் படுக்கவைத்து இடது காலை உயர்த்தினாள். பாதி உயரம்கூடப் போகவில்லை.

"ஐயோ! கரண்டு! கெண்டைக்கால்ல கரண்டு அடிக்குது!"

"இடுப்புல?"

"இடுப்புல ஒண்ணுமில்ல. கால்லதான்."

பிறகு சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னாள். வலது குதிகால் பத்து தடவை ஜம்மென்று எழுந்தது. இடது குதிகால் தரையை விட்டு வரவே இல்லை. திருநாவுக்கரசு பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. கால் அது பாட்டுக்கு நின்றது. யாரோ அடுத்த வீட்டுக்காரர் காலைப் பார்ப்பதுபோல அவர் குனிந்து பார்த்தார்.

சுத்தியல் வந்தது. வலது கணுக்காலில் தட்டினாள், பாதம் துள்ளியது. இடது கணுக்காலில் தட்டினாள்.

ஒன்றும் இல்லை.

இன்னொரு முறை தட்டினாள். சற்றுமுன் தன் பாதம் துள்ளியதற்குச் சிரித்த குமுதவல்லி இப்போது சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஓர் உடம்பில் இரண்டு கால். ஒன்று கூப்பிட்டால் பதில் சொல்கிறது, ஒன்று சொல்லவில்லை. மூன்று மாதமாக அவள் பக்கத்தில் படுத்திருந்த உடம்புக்குள் இவ்வளவு நடந்திருக்கிறது.

"அங்கிள், கண்ண மூடிக்குங்க. பஞ்சால தொடுவேன். தொட்டதும் 'ம்' சொல்லுங்க."

வலது கால். "ம்." "ம்." "ம்." "ம்." கட்டைவிரல், உள்ளங்கால், குதி, சுண்டுவிரல், எதையும் அவர் தவறவிடவில்லை.

இடது கால். கட்டைவிரல். "ம்." பாதத்தின் உள்பக்கம். "ம்."

அமால் பஞ்சைச் சுண்டுவிரலில் வைத்தாள். 'ம்' வரவில்லை. வெளி ஓரமாகக் குதி வரைக்கும் மெதுவாக இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள்.

"தொடும்மா," என்றார் திருநாவுக்கரசு. "ஏன் நிறுத்திட்ட?"

"கண்ணத் தொறங்க அங்கிள்."

அவர் திறந்தார். பஞ்சு அவருடைய சுண்டுவிரல் மேல் இருந்தது.

திருநாவுக்கரசு பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி அந்த விரலைத் தானே பிடித்துப் பார்த்தார். கைக்கு விரல் தெரிந்தது. விரலுக்குக் கை தெரியவில்லை.

அமால் பாதத்தைத் திருப்பி மஞ்சள் கறையைத் துடைத்தாள். கீழே உடைந்த கொப்புளம், சிவந்து, ஈரமாக. "இது எப்ப வந்துச்சு?"

"எது?" என்றார் திருநாவுக்கரசு. அவர் அதை இதுவரை பார்த்ததே இல்லை.

"தீமிதி அன்னிக்கு," என்றாள் குமுதவல்லி. "மறுநாளே நான் பார்த்துட்டேன். சொல்லலங்க. ஒங்க சந்தோஷத்தப் பார்த்துட்டு சொல்ல மனசு வரல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் ஒண்ணு சொல்லல குமுதா. அன்னிக்கு நான் நிக்கல. காலத் தூக்கினேன். அது வரல."

அமால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நானும் அங்கதான் இருந்தேன் அங்கிள், வாப்பாவோட. நீங்க நின்னதப் பார்த்து எனக்கே புல்லரிச்சிருச்சு. ஆனா இதுக்குப் பேரு சயாட்டிக்கா. இடுப்புகிட்ட முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கு. அது பிதுங்கி, காலுக்குப் போற நரம்போட வேரை நசுக்குது. ஒடம்புலயே பெரிய நரம்பு, கட்டைவிரல் தடிமன் இருக்கும். தொட்டிகிட்ட குழாய் மடங்கினா சமையக்கட்டுல தண்ணி வராதில்ல? அதுமாதிரி. கோளாறு இடுப்புல, கஷ்டம் கால்ல."

"வலி கொறஞ்சிருச்சேம்மா?"

"வலி கொறைஞ்சு மரப்பு கூடினா அது நல்லதில்ல அங்கிள். கத்திக் கத்தி ஓஞ்சு போச்சுன்னு அர்த்தம். ரெண்டு காலும் மரத்தா சுகரான்னு பார்ப்போம். ஒங்களுக்குச் சுகர் இல்ல, ஒரே காலு, அதுலயும் ஒரே ஓரம். சந்தேகமே வேணாம்."

பிறகு அவரைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் நிமிர்த்தச் சொன்னாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போயிற்று.

"இப்ப வலி எங்க?"

"கெண்டைக்கால்ல... இல்ல, இப்ப தொடையில." அவர் குரலில் ஆச்சரியம் ஏறியது. "குமுதா, மேல வருதுடி! பாம்பு புத்துக்குத் திரும்புற மாதிரி மேல வருது. இப்ப இடுப்புல நிக்குது."

"மேல வந்தா நல்லது. தெனமும் செய்யுங்க. கீழ எறங்கினா நிறுத்திருங்க. கால்ல உருட் வேணாம், எடை தூக்க வேணாம், லோரியில மணிக்கணக்கா குந்த வேணாம். ஆண்டியோடது மாதிரி சுடுதண்ணிப் பை வச்சா மட்டும் இது போகாது." அமால் அடுத்த அறை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெரியாஸ்பத்திரிக்கு அவசரக் கடிதம் தயாரானது, திங்கட்கிழமை ஸ்கேன். "நெறைய பேருக்கு ஆப்பரேஷன் இல்லாமலே சரியாயிரும். ஆனா ஒங்களுக்குக் கால் பலமே கொறஞ்சிருக்கு, அதனால தள்ளிப்போடக் கூடாது. நடுவுல ஒண்ணுக்குப் போக முடியலைன்னா, இல்ல குந்துற எடம் மரத்துப்போனா, அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்குப் போயிருங்க. ராத்திரி பகல் பார்க்காதீங்க."

"ஞாயித்துக்கெழம மம்பாவ்ல..." என்று ஆரம்பித்தார் அவர்.

"அங்கிள், சூடு தெரியாத காலு தீயில எறங்குனா எலும்பு வரைக்கும் வெந்தாலும் ஒங்களுக்குத் தெரியாது. வெறுங்கால்ல வாசலுக்குக்கூடப் போகாதீங்க."

புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதற்கு முன்னால் அமால் வலது பாதத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"இந்தக் கால்ல எல்லா உணர்ச்சியும் இருக்கு. ஒரு கீறல்கூட இல்ல," என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்தவள், பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

---

கடிதம் கைக்கு வந்து வீடு சேரச் சாயங்காலமாகிவிட்டது. "அக்காகிட்ட நானே சொல்லிர்றேன்," என்றார் அவர், வாசலில் காரை நிறுத்திவிட்டு. குமுதவல்லிக்குத் தெரியும். வளர்த்த அக்கா முன்னால் அவருக்கு வாய் திறக்காது.

திறக்கவும் இல்லை. அவர் மேல் தப்பும் இல்லை. "ஆத்தா கால்ல என்னா பிளாஸ்டரு?" என்று மாரியம்மா அதட்டியதும் அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "கிளினிக்ல..." என்று ஆரம்பித்தார். "அவங்களுக்கென்ன தெரியும்? மம்பாவ்காரங்க பார்த்தா என்ன நெனப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே அவள் கட்டை உரித்துவிட்டாள். மணை மறுபடியும் கூடத்துக்கு வந்தது. இரண்டு காலையும் தாம்பாளத்தில் வைத்தாள். அடுப்பிலிருந்து மஞ்சள் தண்ணீர்ச் செம்பைத் துணியால் பிடித்து எடுத்து வந்தாள். அவசரத்தில் பச்சைத் தண்ணீர் கலக்க மறந்துபோனாள்.

குமுதவல்லி ஆவியைப் பார்த்தாள். "அண்ணி, சுடுது!"

அதற்குள் செம்பு சாய்ந்துவிட்டது.

வலது கால் தாம்பாளத்தை விட்டு எகிறியது. எலுமிச்சம்பழம் உருண்டு வாசல் வரை ஓடியது. "ஆ!" என்று திருநாவுக்கரசு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

இடது கால் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. ஆவி அதைச் சுற்றி எழுந்தது. அது அசையவில்லை.

மாரியம்மாவின் கைகள் தாமாகக் குவிந்தன. "ஆத்தா!" என்றாள். அடுத்த நொடி அந்தக் கைகள் பிரிந்தன. மஞ்சள் கரைந்து ஓடிய இடத்தில் புண் தெரிந்தது.

குமுதவல்லி தன் இடுப்பை நினைக்கவே இல்லை. வாளியைத் தூக்கி வந்து அந்தக் காலைப் பச்சைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். மாரியம்மாவும் தரையில் உட்கார்ந்து அதே காலைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒன்றாக ஒரு வேலை செய்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"இது எப்ப?"

"தீமிதி அன்னிக்கு அண்ணி. காலுக்கு உணர்ச்சியே இல்ல. இடுப்புல நரம்பு நசுங்கியிருக்காம். திங்கக்கெழம ஸ்கேன்."

"ஏன் சொல்லல?"

"பயம்."

"யாருக்குப் பயந்த? ஆத்தாவுக்கா, எனக்கா?"

"ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன் அண்ணி."

மாரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாளோ, சிரிக்கப் போகிறாளோ தெரியவில்லை. தண்ணீருக்குள் தம்பியின் சுண்டுவிரலைக் கிள்ளினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் கிள்ளினாள்.

"நெசமாவே தெரியலியாடா?"

"இல்லக்கா."

வளர்த்தவள் அல்லவா? தன் முந்தானையாலேயே அந்தக் காலை ஒற்றி ஒற்றித் துடைத்தாள்.

வெளியே வேன் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம், செருப்புகள் கழலும் சத்தம். மம்பாவ் கோயில்காரர்கள் ஆறு பேர். முன்னால் கோயில் தலைவர் சந்திரன், வெற்றிலையும் பழமும் வைத்த தட்டோடு.

"நீ எந்திரிக்காத," என்று தம்பியிடம் சொல்லிவிட்டு மாரியம்மா வாசலுக்குப் போனாள். நாத்தனார் எந்தப் பக்கம் சாய்வாள் என்று ஆத்தாவுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

"தம்பி ஞாயித்துக்கெழம எறங்க மாட்டான்," என்றாள் மாரியம்மா.

"என்னாக்கா இப்படிச் சொல்றீங்க? தீயில நின்ன காலு அது! அதுக்கு என்னா ஆச்சு?"

மாரியம்மா திரும்பி உள்ளே பார்த்தாள். "குமுதா, நீ வந்து சொல்லு. எனக்குச் சொல்லத் தெரியல."

எட்டு நாளாக எதைச் சொல்லப் பயந்தாளோ, அதை வெளியூர்க்காரர்கள் ஆறு பேர் முன்னால் சொல்லச் சொல்கிறாள்! குமுதவல்லி எழுந்தாள். நரம்பு என்பாளா, நோய் என்பாளா? ஊர் கும்பிட்டதைப் பொய் என்று எந்த வாயால் சொல்வாள்? பின்னால் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, சுடுதண்ணீர் பட்ட வலது பாதத்தை ஊதிக்கொண்டிருந்தார். பாவம், அந்தக் கால் எவ்வளவு சின்னச் சூட்டுக்கு எப்படிப் பதறிவிட்டது!

அப்போதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அமால் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது என்னவென்று புரிந்தது.

அவள் வாசலுக்கு நடந்தாள். கதவைப் பிடிக்காமல் நிமிர்ந்து நடந்தாள்.

"அண்ணே, அவரோட இடது காலுக்குச் சூடு தெரியாது. அது நோவு. வைத்தியம் பார்க்கப் போறோம். அது தீயில நின்னது அதிசயம் இல்ல, வெந்துகூடப் போச்சு." பின்னால் திரும்பி வலது காலைக் காட்டினாள். "ஆனா வலது காலுக்கு எல்லாம் தெரியும். பஞ்சு பட்டாத் தெரியும். இப்ப சுடுதண்ணி பட்டதுக்கே எகிறிருச்சு. அந்தக் காலும்தான் அன்னிக்குக் குழிக்குள்ள இருந்துச்சு. இடது காலு வராம நின்னப்ப, பாரம் பூரா தாங்கி, இழுத்துக்கிட்டுக் கரையேத்துனது அதுதான். நான் பார்த்துட்டேன். அதுல ஒரு கீறல் இல்ல."

வாசலில் நின்ற மாரியம்மா, தம்பியின் காலடிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். எட்டு நாளில் ஒருவரும் தொட்டுக் கும்பிடாத வலது காலை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சூடாக இருந்தது.

சந்திரன் உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். தாம்பூலத் தட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.